சிங்கப்பூர் – நியூயார்க் விமானப் பயணம்: தூரமும் நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி பன்னாட்டு விமான நிலையத்துக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 15,349 கி.மீ. (8,288 கடல் மைல்) ஆகும். இவ்விரு நகரங்களுக்கும் இடையே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் இயக்கும் இடைநில்லா விமானங்கள், உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவைகளில் அடங்கும். பயண நேரம் திசை, பருவம், காற்று ஆகியவற்றைப் பொறுத்துப் பொதுவாக 18 முதல் 19 மணி நேரம் வரை ஆகிறது.

தூரம் தெரிந்தால் நேரத்தை எளிதில் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பள்ளிக் கணக்கு. ஆனால் இந்தப் பயணத்தில் அக்கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. விமானம் மிகக் குறுகிய வழியில் செல்வதில்லை. போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. பயணச்சீட்டில் அச்சிடப்பட்ட நேரங்களைக் கழித்துப் பார்த்தால் ஒருபுறம் 5 மணி நேரமும் மறுபுறம் 31 மணி நேரமும் வருகின்றன. இவ்வேறுபாடுகளுக்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு விமான நிலையங்களின் அமைவிடம்

சாங்கி விமான நிலையம் சிங்கப்பூர்த் தீவின் கிழக்கு முனையில் உள்ளது. 1981-இல் செயல்படத் தொடங்கிய இந்நிலையத்தின் ஒரு பகுதி, கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் அமைந்துள்ளது. இதன் அட்சரேகை வடக்கு 1.36 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 103.99 பாகை. அதாவது நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே உள்ளது.

கென்னடி விமான நிலையம் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ஜமைக்கா விரிகுடாவின் கரையில் உள்ளது. ஐடில்வைல்டு என்ற பெயரால் அறியப்பட்டிருந்த இந்நிலையத்துக்கு, குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்ட பின், 1963 டிசம்பரில் அவர் பெயர் சூட்டப்பட்டது. இதன் அட்சரேகை வடக்கு 40.64 பாகை, தீர்க்கரேகை மேற்கு 73.78 பாகை.

இவ்விரு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.77 பாகை வருகிறது. ஒன்று கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருப்பதால் கூட்ட வேண்டும். 180 பாகை என்பது பூமியின் நேர் மறுபக்கம். எனவே இவ்விரு நகரங்களும் பூமியின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. இப்பயணத்தின் வியப்பான செய்திகள் பலவற்றுக்கும் இந்த ஓர் எண்ணே காரணம்.

மிகக் குறுகிய வழி

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் ஓர் அளவுகோலால் இணைத்தால், அக்கோடு இலங்கை, ஏமன், சூடான், சகாரா பாலைவனம் ஆகியவற்றின் மேலாகச் சென்று அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும். மெர்க்காட்டர் முறையில் வரையப்பட்ட படத்தில் இக்கோட்டின் வழியே பயணம் செய்தால் ஏறத்தாழ 18,500 கி.மீ. பறக்க வேண்டியிருக்கும். இது உண்மையான குறுகிய வழியைவிட 3,000 கி.மீட்டருக்கும் மேல் அதிகம்.

படத்தில் நேராகத் தெரியும் கோடு பூமியில் நீளமான வழியாக இருப்பது ஏன்? ஜெரார்டஸ் மெர்க்காட்டர் 1569-இல் வெளியிட்ட வரைபட முறை, கப்பலோட்டிகள் ஒரே திசைமுகமாகச் செல்ல உதவுவதற்காக உருவானது. அதில் தீர்க்கரேகைகள் அனைத்தும் இணைகோடுகளாக வரையப்படுகின்றன. உண்மையில் அவை முனைகளை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி, முனையில் ஒன்றுசேர்கின்றன. ஆகவே இப்படத்தில் வடபகுதிகள் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றுகின்றன. வட முனையைப் படத்தில் காட்டவே இயலாது.

கோளத்தின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பெருவட்டம் எனப்படும் வட்டத்தின் ஒரு வில் ஆகும். கோளத்தின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டமே பெருவட்டம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். எதிரெதிர்த் தீர்க்கரேகைகள் இரண்டு சேர்ந்தால் அதுவும் ஒரு பெருவட்டம்.

இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். ஓர் உலக உருண்டையில் சிங்கப்பூரின் மேல் நூலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை நியூயார்க் வரை இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே வழுக்கி வட முனையின் அருகே போய் நிற்கும். உருண்டையின் விட்டம் 30 செ.மீ. எனில் நூலின் நீளம் ஏறத்தாழ 36 செ.மீ. இருக்கும். அந்த உருண்டையில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. இரண்டையும் பெருக்கினால் 15,300 கி.மீ. கிடைக்கிறது.

இந்தப் பெருவட்ட வழி சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே தொடங்கி, தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, வட முனையிலிருந்து சுமார் 280 கி.மீ. தொலைவில் ஆர்க்டிக் பெருங்கடலைத் தாண்டுகிறது. பின்னர் கனடாவின் வடகோடித் தீவுகள், கியூபெக் மாநிலம் ஆகியவற்றின் மேலாக நேர் தெற்கே இறங்கி நியூயார்க்கை அடைகிறது.

தூரத்தைக் கணக்கிடும் எளிய முறை

பெருவட்டத் தூரத்தைத் துல்லியமாகக் கணக்கிடக் கோள முக்கோணவியல் தேவை. ஆனால் இவ்விரு இடங்களும் ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், கூட்டலும் கழித்தலும் தெரிந்த மாணவரே இத்தூரத்தைக் கண்டுபிடிக்க முடியும். வழி வட முனை வழியாகவே செல்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சிங்கப்பூரிலிருந்து வட முனை வரை: 90 – 1.36 = 88.64 பாகை.
வட முனையிலிருந்து நியூயார்க் வரை: 90 – 40.64 = 49.36 பாகை.
மொத்தம்: 138 பாகை.

ஒரு பாகையில் 60 கலைகள் உள்ளன. பெருவட்டத்தின் ஒரு கலை நீளமே ஒரு கடல் மைல் என்பது அந்த அளவின் பழைய வரையறை. எனவே 138 × 60 = 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆகையால், 8,280 × 1.852 = 15,335 கி.மீ. துல்லியமான கணக்கு தரும் 15,349 கி.மீட்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 14 கி.மீ. மட்டுமே. பூமி சரியான கோளமாக இல்லாமல் முனைகளில் சற்றுத் தட்டையாக இருப்பதும், தீர்க்கரேகை வேறுபாடு முழுமையாக 180 பாகை இல்லாததும் இச்சிறு வேறுபாட்டுக்குக் காரணங்கள்.

பூமியின் மேல் எந்த இரு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய மிக அதிகத் தூரம் ஏறத்தாழ 20,000 கி.மீ. அதற்குமேல் சென்றால் மறுபக்கமாக நெருங்கத் தொடங்கிவிடுவோம். ஆகவே இப்பயணம், பூமியில் சாத்தியமான மிக நீண்ட தூரத்தில் நான்கில் மூன்று பங்கைச் சற்றே தாண்டுகிறது.

விமானம் உண்மையில் செல்லும் வழி

பெருவட்ட வழி மிகக் குறுகியது என்றாலும், விமானங்கள் பெரும்பாலும் அவ்வழியே செல்வதில்லை. 2018-இல் சிங்கப்பூர் – நூவர்க் இடைநில்லாச் சேவையை அறிவித்தபோது, விமானம் கடக்கும் தூரம் சுமார் 16,700 கி.மீ. என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குறிப்பிட்டது. நூவர்க் என்பது நியூயார்க்குக்கு அருகே நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள விமான நிலையம். அதற்கான பெருவட்டத் தூரம் சுமார் 15,344 கி.மீ. மட்டுமே. அதாவது ஏறத்தாழ 1,350 கி.மீ. கூடுதலாகப் பறக்கத் திட்டமிடப்பட்டது. இதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவது காற்று. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கு நோக்கிச் செல்கிறது. அங்கே வீசும் பின்காற்று விமானத்தை உந்துகிறது. திரும்பும்போது, சில நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாகவும், சில நாள்களில் வட பசிபிக் வழியாகவும் விமானம் வருகிறது. தீர்க்கரேகை வேறுபாடு ஏறத்தாழ 180 பாகை என்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. போகும்போதும் வரும்போதும் கிழக்கு நோக்கியே பறந்த பயணி, தாம் அறியாமலேயே பூமியை ஒரு முறை சுற்றி வந்தவராகிறார்.

இரண்டாவது வான்வெளி உரிமை. ஒரு நாட்டின் மேல் பறக்க அந்நாட்டின் இசைவு வேண்டும். போர், அரசியல் முரண்பாடு ஆகியவற்றால் வான்வெளி மூடப்படும்போது பயண நேரம் பெரிதும் மாறுகிறது. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு மூடப்பட்டதும், பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்ல ஏறத்தாழ 9½ மணி நேரம் எடுத்துக்கொண்ட விமானம், சுமார் 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பயண நேரம் மட்டும் மூன்றரை மணி கூடியது.

மூன்றாவது பாதுகாப்பு. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றுபோனால், மற்றோர் எஞ்சினைக் கொண்டு குறித்த நேரத்துக்குள் இறங்கக்கூடிய விமான நிலையம் ஒன்று வழியில் எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. ஏர்பஸ் ஏ350-900 விமானத்துக்கு 2014-இல் ஐரோப்பிய வான்பாதுகாப்பு அமைப்பு 370 நிமிடம் வரை இவ்வனுமதியை வழங்கியது. ஆயினும் முனைப்பகுதியில் இறங்க நேர்ந்தால் பயணிகளைக் கடுங்குளிரிலிருந்து காக்கவும், மீட்டு வரவும் ஏற்பாடு தேவை. எரிபொருளின் வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். பன்னாட்டளவில் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை –47 செல்சியஸ் பாகை. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை –40 பாகை. முனைப்பகுதியின் வானில் வெளிக்காற்று இதைவிடக் குளிர்ந்திருப்பது உண்டு.

காற்றும் பயண நேரமும்

நடு அட்சரேகைப் பகுதிகளில், தரையிலிருந்து ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமாக ஓடும் காற்று ஜெட் காற்றோட்டம் எனப்படுகிறது. பயணிகள் விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில்தான். குளிர்காலத்தில் இதன் வேகம் மிகும்.

விமானம் காற்றினூடே செல்லும் வேகமும், தரையை ஒப்பிட்ட வேகமும் வெவ்வேறானவை. ஆற்றில் செல்லும் படகைப் போன்றது இது. படகோட்டி ஒரே விசையுடன் துடுப்புப் போட்டாலும், நீரோட்டத்தோடு செல்லும்போது கரை வேகமாக நகர்கிறது. எதிர்த்துச் செல்லும்போது மெதுவாக நகர்கிறது. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்க, பின்காற்று 100 கி.மீ. வேகத்தில் வீசினால் தரை வேகம் 1,000 கி.மீ.; அதே காற்று எதிர்த்து வீசினால் 800 கி.மீ.

நீண்ட வழியைத் தேர்ந்தெடுப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். 16,700 கி.மீ. தூரத்தை 1,000 கி.மீ. தரை வேகத்தில் கடக்க 16 மணி 42 நிமிடம் போதும். 15,349 கி.மீ. தூரத்தை 850 கி.மீ. தரை வேகத்தில் கடக்க 18 மணி நேரத்துக்கும் சற்று மேலாகும். தூரம் கூடியும் நேரம் குறைகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது.

போகும்போது கிடைத்த ஆதாயமும் வரும்போது ஏற்படும் இழப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. 15,000 கி.மீ. தூரத்தைக் காற்றில்லாமல் 900 கி.மீ. வேகத்தில் கடக்க 16 மணி 40 நிமிடம் ஆகும். 100 கி.மீ. பின்காற்று இருந்தால் 15 மணி நேரம். அதாவது 1 மணி 40 நிமிடம் ஆதாயம். அதே அளவு எதிர்க்காற்று இருந்தால் 18 மணி 45 நிமிடம். அதாவது 2 மணி 5 நிமிடம் இழப்பு. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால் இழப்பு எப்போதும் ஆதாயத்தைவிடப் பெரிது.

அட்டவணையில் காட்டப்படும் பயண நேரம் பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் புறப்பாட்டு வாயிலைவிட்டு நகரும் கணத்திலிருந்து, சேருமிடத்தில் வாயிலருகே நிற்கும் கணம் வரை அது கணக்கிடப்படுகிறது. ஓடுபாதைக்குச் செல்லும் நேரமும், இறங்கியபின் தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் இதில் அடங்கும்.

கடிகாரம் காட்டும் நேரம்

சாங்கி – கென்னடி சேவை 2020 நவம்பரில் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட அட்டவணையை எடுத்துக்கொள்வோம்.

எஸ்க்யூ 24: சிங்கப்பூரில் அதிகாலை 2:25-க்குப் புறப்பாடு, நியூயார்க்கில் அதே நாள் காலை 7:30-க்கு வருகை.
எஸ்க்யூ 23: நியூயார்க்கில் இரவு 10:30-க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் மூன்றாம் நாள் காலை 6:10-க்கு வருகை.

நேரங்களை அப்படியே கழித்தால் போக 5 மணி 5 நிமிடம், வர 31 மணி 40 நிமிடம் என்று வருகிறது. இரண்டும் உண்மையான பயண நேரங்கள் அல்ல. புறப்படும் நேரம் ஓர் ஊரின் கடிகாரத்திலும், சேரும் நேரம் இன்னோர் ஊரின் கடிகாரத்திலும் சொல்லப்படுவதே காரணம்.

சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முந்தியது. நியூயார்க்கின் குளிர்கால நேரம் அதைவிட 5 மணி பிந்தியது. ஆகவே இரண்டுக்கும் இடையே 13 மணி வேறுபாடு. போகும் பயணத்துக்கு 5 மணி 5 நிமிடத்தோடு 13 மணியைக் கூட்டினால் 18 மணி 5 நிமிடம். வரும் பயணத்துக்கு 31 மணி 40 நிமிடத்திலிருந்து 13 மணியைக் கழித்தால் 18 மணி 40 நிமிடம். இவையே உண்மையான நேரங்கள்.

நேர வேறுபாடு தெரியாதபோதும் ஒரு வழி உண்டு. இரண்டு கடிகாரக் கணக்குகளையும் கூட்டினால் 36 மணி 45 நிமிடம். ஒன்றில் குறைந்த 13 மணி மற்றதில் கூடியிருப்பதால், கூட்டும்போது அது மறைந்துவிடுகிறது. பாதியாக்கினால் 18 மணி 22½ நிமிடம். இதுவே ஒருவழிப் பயணத்தின் சராசரி.

15 பாகைத் தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்பது புவியியல் பாடம். அதன்படி 177.77 பாகைக்கு 11 மணி 51 நிமிடமே வேறுபாடு வர வேண்டும். ஆனால் 13 மணி வருகிறது. சிங்கப்பூரின் இருப்பிடத்துக்குப் பொருத்தமானது 7 மணி நேர வலயம். எனினும் 1982 தொடக்கத்திலிருந்து அந்நாடு 8 மணி வலயத்தைப் பின்பற்றுகிறது. நேர வலயத்தைத் தீர்மானிப்பது சூரியன் மட்டும் அன்று, அரசும்தான் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இத்துடன் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை முதல் நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வரை கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்படுகின்றன. அக்காலத்தில் வேறுபாடு 12 மணி மட்டுமே. சிங்கப்பூரில் இவ்வழக்கம் இல்லை.

எரிபொருளும் எடையும்

இப்பயணத்தை இயலச் செய்வதும், ஒரு காலத்தில் நிறுத்தியதும் எரிபொருளே. இச்சேவைக்கென உருவாக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருளைச் சுமக்கும். வழக்கமான ஏ350-900 விமானத்தைவிட இது சுமார் 24,000 லிட்டர் அதிகம். அதன் பறப்பு எல்லை ஏறத்தாழ 18,000 கி.மீ.

முழு அளவு எரிபொருளின் எடை சுமார் 130 டன். விமானம் மேலெழும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 280 டன். அதாவது மொத்த எடையில் ஏறத்தாழ பாதி எரிபொருள்தான். இவ்விமானத்தில் உள்ள இருக்கைகள் 161. ஒருவருக்கும் அவருடைய பெட்டிக்கும் சேர்த்து 100 கிலோ என்று கொண்டால், பயணிகளின் மொத்த எடை 16 டன். ஒரு பயணியின் எடைக்கு எட்டு மடங்கு எரிபொருள் உடன் செல்கிறது.

எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகிறது என்பது நெடுந்தூரப் பறப்பின் அடிப்படைச் சிக்கல். கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தேவையான எரிபொருளை முதல் 17 மணி நேரமும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். ஆகவே தூரம் இரு மடங்கானால் எரிபொருள் தேவை இரு மடங்கைவிட அதிகமாகிறது. வழியில் ஒரு முறை இறங்கி எரிபொருள் நிரப்பும் விமானத்துக்கு இச்சுமை குறைவு. எனவேதான் இவ்விமானத்தில் இருக்கைகள் குறைக்கப்பட்டு, கட்டணம் கூடுதலான வகுப்புகள் மட்டும் வைக்கப்பட்டுள்ளன: வணிக வகுப்பு 67, உயர்தரச் சிக்கன வகுப்பு 94.

சேருமிடத்தை அடையத் தேவையான எரிபொருள் மட்டும் போதாது. எதிர்பாராத காற்றுக்காக ஒரு பங்கு, சேருமிடத்தில் இறங்க இயலாவிட்டால் மாற்று விமான நிலையம் செல்ல ஒரு பங்கு, அதற்கும் மேல் 30 நிமிடம் வானில் வட்டமிட இறுதி இருப்பு ஆகியவை ஜெட் விமானங்களுக்குக் கட்டாயம். 18 மணி நேரத்துக்குப் பின் அங்கு வானிலை எப்படி இருக்கும் என்பதைப் புறப்படும்போதே கணித்து இந்த அளவு முடிவு செய்யப்படுகிறது.

சேவையின் வரலாறு

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூன் மாதம் சிங்கப்பூர் – நூவர்க் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானங்கள் அதில் பயன்பட்டன. தொடக்கத்தில் 181 இருக்கைகள் இருந்தன. 2008-இல் அவை 100 வணிக வகுப்பு இருக்கைகளாக மாற்றப்பட்டன. 2 லட்சம் லிட்டருக்கும் மேல் எரிபொருள் கொள்ளும் அவ்விமானத்தை, எரிபொருள் விலை உயர்ந்த காலத்தில் இலாபமாக இயக்க இயலவில்லை. 2013 நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது. விமானங்கள் ஏர்பஸ் நிறுவனத்திடமே திரும்பச் சென்றன.

இரண்டு எஞ்சின்களும் எடை குறைந்த கூட்டுப்பொருள் உடலும் கொண்ட ஏ350-900 யூஎல்ஆர் வந்தபின், 2018 அக்டோபர் 11 அன்று நூவர்க் சேவை மீண்டும் தொடங்கியது. கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச் மாதம் அது நின்றது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, நூவர்க்குக்குப் பதிலாகக் கென்னடி நிலையத்துக்கு விமானங்கள் பறக்கத் தொடங்கின. பயணிகள் குறைவாக இருந்த அக்காலத்தில் சரக்கு வருவாயும் இச்சேவைக்குக் கைகொடுத்தது. 2022 மார்ச் மாதம் நூவர்க் சேவையும் திரும்பியது.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வழியாகச் செல்லும் சேவையும் உண்டு. சிங்கப்பூர் – பிராங்க்பர்ட் தூரம் சுமார் 10,280 கி.மீ.; பிராங்க்பர்ட் – நியூயார்க் சுமார் 6,190 கி.மீ. பெருவட்டக் கணக்கில் இவ்வழி ஏறத்தாழ 1,100 கி.மீ. அதிகம். இடையில் தரையில் நிற்கும் நேரமும் சேர்வதால் பயணம் மேலும் நீள்கிறது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானங்களின் தேதியில் குழப்பம் ஏற்படுவது வழக்கம். 10-ஆம் தேதி அதிகாலை 2:25 மணி விமானத்துக்கு, 9-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 10-ஆம் தேதி இரவு செல்பவர் விமானத்தைத் தவறவிட்டவராவார்.

நியூயார்க்கில் திங்கட்கிழமை இரவு ஏறுபவர் சிங்கப்பூரில் இறங்குவது புதன்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை முழுவதும் அவருக்கு வானிலேயே கழிகிறது. தேர்வு, நேர்முகம், விசா முடியும் நாள் போன்றவற்றைக் கருதிப் பயணம் திட்டமிடுவோர் இந்த ஒரு நாளை மறக்கலாகாது.

இன்சுலின் போன்ற மருந்துகளைக் குறித்த நேரத்தில் எடுத்துக்கொள்வோர், எந்த ஊரின் நேரப்படி எடுப்பது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். மருந்துகளைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது கால் சிரைகளில் இரத்தம் உறைய வழிவகுக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் இந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. பெரும்பாலோருக்கு இந்த அபாயம் சிறியதே. எனினும் அவ்வப்போது எழுந்து நடப்பதும், கணுக்கால்களை அசைப்பதும், போதிய நீர் அருந்துவதும் நல்லது. அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், முன்பு இரத்த உறைவு ஏற்பட்டவர்களும் மருத்துவர் அறிவுரை பெற வேண்டும்.

12 அல்லது 13 மணி நேர வேறுபாட்டில் இரவும் பகலும் முற்றிலும் இடம் மாறிவிடுகின்றன. உடலின் உள்கடிகாரம் பொதுவாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே மாறக்கூடியது. ஆகவே முழுமையாகப் பழகப் பத்து நாள்கள் வரை ஆகலாம். காலை வெயிலும் உள்ளூர் நேரப்படி உண்பதும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தும். விமானத்தை இயக்குவோருக்கும் களைப்பு உண்டு என்பதால், இப்பயணத்தில் நான்கு விமானிகள் பணியாற்றி, முறைவைத்து ஓய்வெடுக்கின்றனர்.

பிற நெடுந்தூரச் சேவைகள்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு 2018 மார்ச் மாதம் தொடங்கிய இடைநில்லாச் சேவையின் பெருவட்டத் தூரம் சுமார் 14,500 கி.மீ.; நியூசிலாந்தின் ஆக்லாந்து – கத்தாரின் தோகா தூரம் சுமார் 14,535 கி.மீ. சிட்னி – லண்டன் இடையே சுமார் 17,000 கி.மீ. தூரத்தை ஒரே மூச்சில் கடக்கும் திட்டத்துக்காக, ஆஸ்திரேலியாவின் குவான்டஸ் நிறுவனம் 2022-இல் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை தந்தது.

இவற்றில் எந்தப் பயணத்தை எடுத்துக்கொண்டாலும், பெருவட்டத் தூரம் என்ன, விமானம் செல்லும் வழி எது, காற்று எத்திசையில் வீசுகிறது, இரு ஊர்களின் நேர வேறுபாடு என்ன என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கண்டால் பயண நேரம் விளங்கிவிடும். இவற்றில் முதல் எண் மட்டுமே மாறாதது. மற்ற மூன்றும் நாளுக்கு நாள், பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியவை.